சரிவு அபாயத்தை அளக்கும்போது சறுக்கும் இடங்கள்

போர்ட்ஃபோலியோவில் ரிஸ்க் எவ்வளவு என்று கேட்டால் பலரும் திட்டவிலக்கத்தைத்தான், அதாவது வருமானம் தன் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி ஆடுகிறது என்ற அளவைத்தான், சொல்வார்கள். ஏற்றமும் இறக்கமும் அதற்கு ஒன்றே. ஒரே மாதத்தில் 12% லாபம் வந்தாலும் ரிஸ்க் கூடிவிட்டதாகக் காட்டும். லாபம் வந்து யாருக்காவது தூக்கம் கெட்டிருக்கிறதா? போர்ட்ஃபோலியோ கோட்பாட்டுக்கு அடித்தளம் போட்ட பொருளாதார அறிஞர் ஹாரி மார்க்கோவிட்ஸே 1959-இல் இறக்கத்தை மட்டும் கணக்கில் எடுக்கும் அரைப் பரவற்படியைப் பற்றி எழுதிவிட்டார்.

சரி, இறக்கத்தை மட்டும் அளப்போம் என்று எக்ஸெல்லைத் திறப்பவர்கள் அடுத்த குழியில் விழுகிறார்கள். நஷ்ட மாதங்களை மட்டும் வடிகட்டி, அவற்றுக்குத் திட்டவிலக்கம் போடுகிறார்கள். 12 மாதங்களில் 5 மாதம் நஷ்டம், ஒவ்வொன்றும் சரியாக 5% என்று வையுங்கள். ஐந்து எண்ணும் ஒன்றே என்பதால் விடை பூஜ்யம். ஐந்து முறை அடி வாங்கிய ஃபண்டுக்கு ரிஸ்க்கே இல்லையாம்!

சரியான வழி இது: முதலில் இலக்கு வருமானத்தை முடிவு செய்யுங்கள்; இங்கே 0% என்று கொள்வோம். இலக்குக்குக் கீழே போன அளவை வர்க்கப்படுத்திக் கூட்டினால் 125. மற்ற மாதங்களுக்குப் பூஜ்யம், ஆனால் எண்ணிக்கையில் அவையும் உண்டு. எனவே 12-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 3.2%. இலக்குக்கு மேல் கிடைத்த வருமானத்தை இறக்க ரிஸ்க்கால் வகுப்பதுதான் சார்ட்டினோ விகிதம்; அதன் கீழே வரவேண்டியது இதுதான். 5-ஆல் வகுத்தால் 5% வரும். ஒரே ஒரு மாதம் 5% இழந்த ஃபண்டுக்கும் அதே 5%தான் வரும்.

வேல்யூ அட் ரிஸ்க்கை, அதாவது நஷ்டம் இந்த எல்லைக்குள் நிற்க இத்தனை சதவீத வாய்ப்பு என்று சொல்லும் அளவை, 'அதிகபட்ச நஷ்டம்' என்று படிப்பதும் தவறு. 95% அளவில் ஒருநாளுக்கான அந்த எல்லை 2% நஷ்டம் என்றால், ஏறத்தாழ 20 நாளில் ஒருநாள் அதைத் தாண்டும் என்றுதான் அர்த்தம். தாண்டினால் எவ்வளவு போகும்? அது சொல்லாது. 1987 அக்டோபர் 19 அன்று அமெரிக்கப் பங்குக் குறியீடான டவ் ஜோன்ஸ் ஒரே நாளில் 22.6% விழுந்தது. அதனால் எல்லையைத் தாண்டிய நஷ்டங்களின் சராசரியையும் சேர்த்துப் பாருங்கள்.

மாதக் கடைசி விலையை மட்டும் வைத்து உச்சத்திலிருந்து எவ்வளவு சரிந்தது என்று பார்ப்பதும் ஏமாற்றும். 2020-இல் இன்னொரு அமெரிக்கப் பங்குக் குறியீடான எஸ் அண்ட் பி 500, பிப்ரவரி 19 முதல் மார்ச் 23 வரை சுமார் 34% சரிந்தது. மாதக் கடைசிக் கணக்கில் அது 20% போலத்தான் தெரியும்.

தரவு எந்தத் தேதியில் தொடங்குகிறது என்றும் பாருங்கள். 2009 ஏப்ரலில் தொடங்கினால், அதற்கு முன் 17 மாதங்களில் அதே குறியீடு 57% இழந்தது கணக்கிலேயே வராது. அந்தப் பள்ளத்திலிருந்து பழைய இடத்துக்கு ஏற 130%-க்கு மேல் லாபம் தேவைப்பட்டது.