பேதி நிற்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றதும் வீட்டில் எல்லோரும் கேட்பது, "எத்தனை தடவை போனான்?" என்றுதான். வேலூர் மாவட்டக் கிராமங்களில் சுகாதார செவிலியராக வேலை பார்த்த காலம் முழுக்க, வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நான் கேட்ட கேள்வி வேறு: "கடைசியாக எப்போது ஒன்றுக்குப் போனான்?" இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் அம்மாவும் பாட்டியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டால் எனக்கு வயிற்றைக் கலக்கும். பெரும்பாலான பேதி சில நாட்களில் தானாக அடங்கிவிடும். அதற்குள் குழந்தையின் உடம்பிலிருந்து போன நீரும் உப்பும் திரும்ப உள்ளே போயினவா என்பதில்தான் உயிர் இருக்கிறது.

"ஓ.ஆர்.எஸ். கொடுத்தேன் சிஸ்டர், ஆனால் நிற்கவே இல்லை, அதனால் விட்டுவிட்டேன்" என்று எத்தனையோ தாய்மார்கள் சொல்லியிருக்கிறார்கள். ஓ.ஆர்.எஸ். என்பது தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுக்கும் உப்பு, குளுக்கோஸ் பொடி. அது பேதியை நிறுத்தும் மருந்தே அல்ல. இழந்ததை ஈடுகட்டுவதுதான் அதன் வேலை. இதை முதலிலேயே மனதில் பதித்துக்கொண்டால், இரண்டாவது நாளும் தண்ணீராகப் போகிறதே என்று பதறிக் கரைசலை நிறுத்த மாட்டீர்கள்.

பேதியின்போதும் குடல் ஒரு வேலையை விடாமல் செய்கிறது: குளுக்கோஸும் உப்பும் சரியான அளவில் சேர்ந்து வந்தால் இரண்டையும் உறிஞ்சிக்கொள்ளும், அவற்றின் பின்னாலேயே தண்ணீரும் உள்ளே போகும். 1971இல் வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் சலைன் என்ற உப்புநீர் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மஹாலனோபிஸ் இதை நம்பித்தான் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுக்கச் சொன்னார். நோயாளிகளின் உறவினர்களே ஊட்டினார்கள். சாவு வெகுவாகக் குறைந்தது. படித்த செவிலியர் இல்லாத இடத்திலும் ஒரு தாய் இதைச் செய்ய முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

கலக்குவதில்தான் கை தவறும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி உள்ள பெரிய பொட்டலம் 20.5 கிராம், அது முழுதாக ஒரு லிட்டருக்கு. சின்னப் பொட்டலமாக இருந்தால் 200 மில்லிக்கு. எவ்வளவு தண்ணீருக்கு என்று உறையில் அச்சிட்டிருக்கும், படித்துவிட்டுப் பிரியுங்கள். "குழந்தை கொஞ்சம்தானே குடிப்பான்" என்று பெரிய பொட்டலத்தில் ஒரு சிட்டிகை எடுத்து டம்ளர் தண்ணீரில் போடும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. செறிவு கூடினால் குழந்தையின் ரத்தத்தில் உப்பு ஏறும். குறைந்தால் பயன் இல்லை. கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீரை ஒரு லிட்டர் பாட்டிலால் அளந்து பாத்திரத்தில் ஊற்றி, பொட்டலம் முழுவதையும் கொட்டிக் கலக்கி மூடி வையுங்கள். பால், ஜூஸ், கூடுதல் சர்க்கரை எதுவும் சேர்க்காதீர்கள். 24 மணி நேரத்துக்குப் பிறகு மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். பொட்டலம் கிடைக்காத இரவில் மட்டும், ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பைக் கண்ணளவில் போடாதீர்கள்.

கடையில் அட்டைப் பெட்டியில் விற்கும் இனிப்புப் பானங்களை ஓ.ஆர்.எஸ். என்று நினைத்து வாங்குவதைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். அளவுக்கு மீறிய சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் பேதியை அதிகமாக்கும். 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் இத்தகைய பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளே கூடாது என்று உத்தரவிட்டது. குழந்தைகளின் பெற்றோருக்கு அது நல்ல செய்தி. ஆனாலும் உறையில் உலக சுகாதார நிறுவன அளவு என்று இருக்கிறதா என்று பார்த்தே வாங்குங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

ஒவ்வொரு முறை தண்ணீராகப் போன பிறகும், இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கால் முதல் அரை டம்ளர்; அதற்கு மேல் பத்து வயது வரை அரை டம்ளர் முதல் ஒரு டம்ளர். டம்ளர் என்று நான் சொல்வது 200 மில்லி. கைக்குழந்தைக்குப் பால் புட்டி வேண்டாம், ஸ்பூனால் ஊட்டுங்கள். தாகத்தில் தவிக்கும் குழந்தை ஸ்பூனைக் கடித்து இழுக்கும், உடனே நிறையக் கொடுத்துவிடத் தோன்றும். மடமடவென்று குடித்தால் வாந்தி வரும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்திருந்து, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன் என்று மறுபடி தொடங்குங்கள். எடுத்த வாந்தியில் எல்லாமே வெளியே போய்விடுவதில்லை.

கூடவே துத்தநாக (ஜிங்க்) மாத்திரை. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளுக்கு 20 மில்லிகிராம், இரண்டு முதல் ஆறு மாதக் குழந்தைக்கு 10 மில்லிகிராம். ஸ்பூனில் தாய்ப்பாலோ தண்ணீரோ விட்டால் கரைந்துவிடும். பேதி மூன்றாம் நாளே நின்றாலும் 14 நாளும் கொடுங்கள். பேதியின் கடுமையைக் குறைப்பதோடு, அடுத்த சில மாதங்களில் அது திரும்ப வருவதையும் குறைக்கும். பெரியவர்களுக்கான பேதி நிறுத்தும் மாத்திரையைக் குழந்தைக்குப் பாதியாக உடைத்துக் கொடுப்பது ஆபத்து. ரத்தம் போகாத சாதாரணப் பேதிக்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை.

"வயிறு ஓயட்டும்" என்று பட்டினி போடும் பாட்டிகளோடுதான் எனக்கு அதிகம் வாதாட வேண்டியிருந்தது. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. வழக்கத்தைவிட அடிக்கடி கொடுக்க வேண்டும். சாப்பிடும் வயதுக் குழந்தைக்கு இட்லி, குழைந்த பருப்புச் சாதம், தயிர்ச் சாதம், வாழைப்பழம் எல்லாம் கொடுக்கலாம். குணமான பிறகு இரண்டு வாரத்துக்கு நாளுக்கு ஒரு வேளை கூடுதலாக ஊட்டினால் இளைத்த உடம்பு தேறும்.

இனி, குழந்தையைப் பார்ப்பது. கண் குழி விழுந்திருக்கிறதா என்பதைப் பெற்ற தாயிடமே கேளுங்கள், அவளுக்குத்தான் பழைய முகம் தெரியும். பிறகு குழந்தையைப் படுக்கவைத்து, தொப்புளுக்கும் வயிற்றின் பக்கவாட்டுக்கும் நடுவில், கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தோலை உடம்பின் நெடுக்குவாட்டில் பிடித்துத் தூக்கி, ஒரு நொடி வைத்திருந்து விடுங்கள். உடனே சமமானால் நல்லது. மெதுவாக இறங்கினால் நீர் குறைந்திருக்கிறது. இரண்டு நொடிக்கு மேலும் மடிப்பு அப்படியே நின்றால் வீட்டில் இருக்க நேரமில்லை. ஒன்று நினைவிருக்கட்டும்: மிகவும் மெலிந்த குழந்தைக்குத் தோல் எப்போதுமே மெதுவாகத்தான் இறங்கும், கொழுகொழு குழந்தைக்கு நீர் வற்றியிருந்தாலும் சட்டென்று சமமாகிவிடும். அதனால் இதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

எங்கள் பக்கத்தில் இப்படிப்பட்ட குழந்தையைத் தொக்கம் எடுக்கவும் (உள்ளே சிக்கியதை வாயில் ஊதி எடுப்பதாகச் சொல்லும் நாட்டு வைத்தியம்) குடல் தட்டவும் தூக்கிக்கொண்டு போவார்கள். தலை உச்சியில் மெத்தென்று இருக்கும் உச்சிக்குழி உள்வாங்கியிருந்தால் "உச்சி விழுந்துவிட்டது" என்பார்கள். கவனித்தது சரிதான்; நீர் வற்றினால் உச்சிக்குழி குழியும். அதைத் தூக்கிவிட வெளியிலிருந்து எந்தக் கையாலும் முடியாது, உள்ளே போகும் நீரால்தான் முடியும். வாயில் ஊதி எடுக்கும்போது எச்சிலும் பாலும் மூச்சுக்குழாய்க்குள் போன குழந்தைகள் உண்டு. பாட்டியை எதிர்த்துச் சண்டை போடாமல், அவர் கையிலேயே ஸ்பூனைக் கொடுத்துக் கரைசலை ஊட்டச் சொல்லுங்கள். எனக்கு அது பல வீடுகளில் கைகொடுத்தது.

குழந்தை குடிக்க மறுத்தாலோ, குடிக்கவே முடியாமல் போனாலோ, எதைக் கொடுத்தாலும் முழுதும் வாந்தி எடுத்தாலோ, எழுப்பினால் விழிக்காமல் துவண்டு கிடந்தாலோ, வலிப்பு வந்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, ஆறேழு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை என்றாலோ உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். வண்டி இல்லாவிட்டால் 108ஐ அழையுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் பேதி என்றால் எந்த அறிகுறிக்கும் காத்திருக்க வேண்டாம். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை நாளுக்குப் பல முறை இளகலாகப் போவது இயல்பு. வழக்கத்தைவிடத் தண்ணீராகவும் அதிகமாகவும் போனால்தான் பேதி.

குழந்தைகளுக்குப் பேதி உண்டாக்கும் ரோட்டா வைரஸைத் தடுக்கும் சொட்டு மருந்து ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்களில் இலவசமாகக் கொடுக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் 2017 முதல் இது அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் இருக்கிறது. உங்கள் குழந்தையின் தடுப்பூசி அட்டையில் இந்த மூன்று கட்டங்களும் நிரப்பப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். கிளம்பும் நிலை வந்தால் அந்த அட்டையையும் ஒரு பாட்டிலில் கரைசலையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை வழியெல்லாம் ஊட்டிக்கொண்டே போகலாம், குழந்தை விழித்துக் குடிக்கும் நிலையில் இருந்தால் மட்டும்.