டைமிங் பக்கத்தில் காற்றையும் எழுதுங்கள்: புதிதாக ஓட வருகிறவர்களுக்கு ஒரு செய்முறை

போன ஆடியில் என் அக்கா மகள் 100 மீட்டரை 13.9-ல் ஓடிவிட்டு வீடு வரைக்கும் துள்ளிக்கொண்டே வந்தாள். மூன்றாம் நாள் அதே சேலம் காந்தி ஸ்டேடியம், அதே ஷூ, 14.3. "மாமா, எனக்குக் கால் போச்சு" என்று ஒரே அழுகை. கால் எங்கேயும் போகவில்லை கண்ணு. முதல் நாள் ஸ்டார்டிங் லைனில் நிற்கும்போது உன் ரிப்பன் முகத்துக்கு முன்னால் பறந்தது, இன்றைக்குப் பின்னால் பறக்கிறது, அவ்வளவுதான் என்றேன். நம்பவில்லை. அன்று ராத்திரி நோட்டில் போட்டுக் காட்டிய கணக்கில் இருந்தே தொடங்குகிறேன்.

1. முதலில் கணக்கு

14.3-ல் 100 மீட்டர் என்றால் சராசரி வேகம் நொடிக்கு 7 மீட்டர். காற்றே இல்லாவிட்டாலும் அந்த வேகத்தில் காற்று முகத்தில் மோதும். அந்தத் தடை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறும். 7 × 7 = 49 என்று வைத்துக்கொள்வோம்.

முதுகில் நொடிக்கு 2 மீட்டர் காற்று தள்ளினால் உங்கள் மேல் மோதுவது 5 மீட்டர் வேகம்தான். 5 × 5 = 25. எதிரில் அதே 2 மீட்டர் வந்தால் 9 × 9 = 81. அதாவது பின்காற்று 24 குறைக்கிறது, எதிர்காற்று 32 கூட்டுகிறது. ஒரே காற்றுதான், ஆனால் கொடுப்பதைவிடப் பிடுங்குவது அதிகம். 400 மீட்டரில் ஒரு நேர்ப்பாதையில் கிடைத்தது எதிர் நேர்ப்பாதையில் போனதை ஈடுகட்டாததற்கு இதுதான் காரணம். காற்று நாளில் முழுச் சுற்று ஓடினால் மொத்தத்தில் நஷ்டம்தான்.

2. காற்றை அளப்பது

பெரிய போட்டிகளில் ஃபினிஷிங் லைனுக்கு 50 மீட்டர் முன்னால், முதல் லேன் ஓரமாக, 1.22 மீட்டர் உயரத்தில் காற்றுமானி நிற்கும். 100 மீட்டருக்குத் துப்பாக்கி வெடித்ததில் இருந்து 10 நொடி அளப்பார்கள். 200 மீட்டரில் முன்னால் வருகிறவர் வளைவு முடிந்து நேர்ப்பாதையில் நுழைந்ததும் 10 நொடி. பின்காற்று நொடிக்கு 2 மீட்டருக்கு (+2.0) மேல் போனால் அந்த நேரம் சாதனைப் பட்டியலில் சேராது. 2.03 வந்தாலும் 2.1 என்றுதான் எழுதுவார்கள், கருணையே கிடையாது.

நமக்குக் காற்றுமானி வேண்டாம். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாக் கடையில் சோப்புக் குமிழி ஊதும் டப்பா விற்பார்கள் இல்லையா, அது போதும். நேர்ப்பாதை ஓரமாகக் கோலமாவில் இரண்டு கோடு போடுங்கள், நடுவில் சரியாக 10 மீட்டர். ஒருவர் முதல் கோட்டில் நெஞ்சு உயரத்தில் குமிழியை ஊதட்டும். வாயால் ஊதினால் நம் மூச்சின் வேகமும் சேர்ந்துவிடும், அதனால் வளையத்தைக் காற்றில் மெதுவாகக் காட்டினால் போதும். இன்னொருவர் இரண்டாம் கோட்டில் ஸ்டாப்வாட்சோடு நிற்கட்டும். 5 நொடியில் வந்தால் காற்று 2 மீட்டர். 10 நொடி என்றால் 1. பாதி வழியில் உடைவதும், மேலே ஏறித் தப்பிப்பதும் நடக்கும். ஐந்தாறு குமிழி விட்டுச் சராசரி எடுங்கள். நாங்கள் முதல் நாள் செய்தபோது நடைப்பயிற்சிக்கு வந்த தாத்தாக்கள் எல்லாம் சுற்றி நின்றுவிட்டார்கள்.

குமிழியும் இல்லையா? முகத்தில் காற்று படுவது தெரிந்து, இலைகள் சலசலத்தால் ஏறக்குறைய 2 முதல் 3 மீட்டர். புழுதியும் காகிதமும் கிளம்பிப் பறந்தால் 5-க்கு மேல். அன்றைக்கு டைமிங் எடுக்காதீர்கள், வெறும் பயிற்சி செய்யுங்கள்.

ஃபோனில் காட்டும் காற்று வேகத்தை மட்டும் எடுக்க வேண்டாம். அது திறந்தவெளியில் 10 மீட்டர் உயரத்துக்கான கணக்கு. சேலத்தைச் சுற்றி சேர்வராயன், கஞ்சமலை, ஜருகுமலை, நகரமலை என்று எந்தப் பக்கம் பார்த்தாலும் மலை. போதாததற்கு மைதானத்தில் கேலரியும் மரமும். காற்று அங்கே சுழன்றுதான் வரும்.

3. திசை

பக்கவாட்டுக் காற்றில் நேர்ப்பாதையின் நீளவாக்கில் வரும் பங்கு மட்டும்தான் கணக்கு. 45 டிகிரி சாய்ந்து வந்தால் பத்தில் ஏழு பங்கு, 60 டிகிரி என்றால் பாதி. குமிழி முறையில் இது தானாகவே சரியாகிவிடும், இரண்டாம் கோட்டைத் தாண்டும் நேரத்தை மட்டும் பாருங்கள்.

4. இரண்டு பக்கமும் ஓடுங்கள்

என்னைக் கேட்டால் இதுதான் முக்கியம். உலகத் தர ஆண்களுக்கு 2 மீட்டர் பின்காற்று 100 மீட்டரில் ஏறக்குறைய 0.10 நொடியும், பெண்களுக்கு 0.12-ம் குறைக்கும். கையால் அமுக்கும் ஸ்டாப்வாட்சின் தவறே அதைவிடப் பெரியது! அதில் ஒரு மீட்டர் காற்றுக்கு 0.05 கழிப்பது கோணி ஊசியில் முத்துக் கோர்ப்பது மாதிரி.

அதனால் திருத்தக் கணக்கை விட்டுவிட்டு, 60 மீட்டரைக் காற்றோடு ஒரு தடவை, காற்றுக்கு எதிராக ஒரு தடவை ஓடுங்கள். நடுவில் ஏழெட்டு நிமிடம் ஓய்வு. மூன்று ஜோடி ஓடிச் சராசரி போட்டால் காற்றில்லாத நேரத்துக்குப் பக்கத்தில் வரும், ஒரு துளி கூடுதலாக.

ஏற்காட்டில் ஓடினால் குறையுமா?

எல்லோரும் கேட்கிறார்கள். சேலம் கடல்மட்டத்தில் இருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500. மேலே காற்று லேசு. ஆனால் குளிர்ச்சி அதைக் கொஞ்சம் அடர்த்தியாக்கும். கூட்டிக் கழித்தால் பத்தில் ஒரு பங்கு போலத் தடை குறையும். 100 மீட்டரில் நொடியில் நூறில் சில பங்குதான், பஸ் செலவுக்குக் கட்டாது. 1,500 மீட்டர் ஓடுகிறவருக்கோ ஆக்சிஜன் குறைவால் நேரம் கூடத்தான் செய்யும். 1968-ல் 2,240 மீட்டர் உயர மெக்சிகோ நகரத்தில் பாப் பீமன் நீளம் தாண்டுதலில் 8.90 மீட்டர் தாண்டியபோது உயரமும் உதவியது, காற்றும் சரியாக +2.0.

5. நோட்டில் எழுதும் முறை

ஒரே வரி: தூரம், டைமிங், காற்று, மணி. பின்காற்றுக்கு +, எதிர்காற்றுக்கு −. உசைன் போல்ட்டின் 9.58 பக்கத்திலும் +0.9 என்று இருக்கிறது. 1996-ல் பார்படாஸ் வீரர் ஒபடேலே தாம்சன் 100 மீட்டரை 9.69-ல் ஓடினார், பக்கத்தில் +5.0 இருப்பதால் அது சாதனைக் கணக்கில் இல்லை.

முடிந்தால் விடிந்ததும் ஓடுங்கள். வெயில் ஏறித் தரை சூடாவதற்கு முன்னால்தான் காற்று பெரும்பாலும் அடங்கியிருக்கும். அக்கா மகள் நோட்டில் நேற்றைய வரி: "100, 14.0, −0.4, காலை 6.10." பழைய 13.9 பக்கத்தில் அவளே பென்சிலில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறாள்.