உறவுப்படத்தை வட்டத்திலிருந்து தொடங்குவது எப்படி?

ஒரு குடும்பத்தில் யார் யாருக்கு என்ன உறவு என்று காட்ட மானிடவியலில் வரையும் படம்தான் உறவுப்படம். அதில் முக்கோணம் ஆண், வட்டம் பெண். நடுவே சமக்குறி போட்டால் கல்யாணம். கீழே இறங்கும் கோடு பிள்ளைகளுக்கு. இறந்தவர் மேல் ஒரு சாய்கோடு. இலக்கணம் இவ்வளவுதான். இருபது வருடமாகக் கல்லூரியில் இதைச் சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகள் வீட்டில் வரைந்து கொண்டுவரும் படத்தின் உச்சியில் எப்போதும் ஒரு முக்கோணம் இருக்கும், "எங்க தாத்தா" என்று. பாதி வட்டங்களுக்குப் பெயரே இருக்காது.

அதனால் இப்போதெல்லாம் பென்சிலை எடுக்குமுன் ஐராவதி கார்வேயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1905இல் பர்மாவில் பிறந்தவர், அங்கே ஓடும் ஐராவதி ஆற்றின் பெயரையே பெற்றவர், இந்தியாவின் முதல் பெண் மானிடவியலாளர். மாமனார் தோண்டோ கேசவ் கார்வே விதவை மறுமணத்துக்குப் போராடியவர், 1916இல் பெண்களுக்கென்றே பல்கலைக்கழகம் தொடங்கியவர். அவரே மருமகள் ஜெர்மனிக்குப் படிக்கப் போவதை விரும்பவில்லை. கணவர் தினகர் துணை நின்றார், ஐராவதி போனார். பெர்லினில் அவருடைய நெறியாளர் ஆய்கன் ஃபிஷர். மண்டையோட்டின் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் உள்ள வேறுபாடு வெள்ளையருக்குத்தான் அதிகம், அது அவர்கள் அறிவின் அடையாளம் என்பது ஃபிஷரின் எண்ணம். ஐராவதி அளந்து பார்த்தார். இனத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று தெரிந்தது, அப்படியே எழுதினார். 1930இல் முனைவர் பட்டமும் வாங்கினார். "நம்ம குடும்பத்துல அப்படியெல்லாம் யாரும் இல்ல" என்று வீட்டுப் பெரியவர் சொல்லும்போது, பெரியவர் சொன்னதை அப்படியே ஏற்காமல் ஐராவதி அளந்து பார்த்ததை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி வேலை. பழைய மாதக் காலண்டர் தாளின் பின்பக்கம் போதும். வீட்டில் உள்ள மூத்த பெண்ணை நடுவில் ஒரு வட்டமாகப் போட்டு, உள்ளே கறுப்பு அடியுங்கள். இனி எல்லா உறவும் அவர் வாயிலிருந்துதான். தாத்தா இந்தப் படத்தில் "ஆச்சியின் வீட்டுக்காரர்".

மதியச் சாப்பாடு முடிந்து ஆண்கள் அசந்திருக்கும் நேரமாகப் பார்த்து உட்காருங்கள். கையில் வெங்காயமோ கீரையோ இருக்கட்டும், ஆய்ந்துகொண்டே பேசுவார்கள். பெயரை முதலில் கேட்காதீர்கள். "கல்யாணமாகி வந்த அன்னைக்கு இந்த வீட்டுல யார் யார் இருந்தா? அவங்களை என்ன சொல்லிக் கூப்பிட்டீங்க?" என்று தொடங்குங்கள்.

இந்தக் கேள்விதான் எல்லாவற்றையும் திறக்கும். 1953இல் வந்த நூலில் கார்வே இந்தியாவின் உறவுமுறைகளை வடக்கு, நடு, தெற்கு, கிழக்கு என்று நான்கு வட்டாரங்களாகப் பிரித்தார். மொழி மொழியாக உறவுச்சொற்களைத் திரட்டித்தான் அதைச் செய்தார். வடக்கே பெண்ணை அயலூரில், அயலார் வீட்டில் கொடுப்பார்கள். பிறந்த வீட்டுச் சொல் வேறு, புகுந்த வீட்டுச் சொல் வேறு. மகளாக ஓடித் திரிந்தவள் மருமகளானதும் முக்காட்டுக்குள் போகிறாள். தெற்கே நமக்கு அப்பாவின் தங்கையும் அத்தை, மாமியாரும் அத்தை. அம்மாவின் தம்பியும் மாமா, மாமனாரும் மாமா. முறைக்குள்ளேயே கொடுத்து வாங்குவதால், வந்த பெண் அந்த வீட்டுக்கு அந்நியம் இல்லை. ஒரு மணப்பெண்ணுக்கு வாசலில் என்ன நேர்கிறது என்பதை உறவுச்சொற்களின் பட்டியலிலிருந்தே அவர் படித்துக் காட்டினார். பெண்ணியத்துக்கு அவர் விட்டுப்போன சொத்தாக நான் கருதுவது இந்தப் பார்வையைத்தான்.

ஆனால் அதை அப்படியே ஏற்றுக்கொண்டு நின்றுவிட வேண்டாம். என் அம்மாவைக் கட்டியவர் அவளுடைய தாய்மாமன். படத்தில் போட்டால் மாமியாரும் அம்மாவைப் பெற்ற தாயின் தாயும் ஒரே வட்டம். பெற்ற தாயே கணவனுக்கு அக்கா, அதாவது நாத்தனார். (இப்படி வந்தால் ஆளை இரண்டு முறை வரையாதீர்கள். ஒரே வட்டத்துக்கு இரண்டு கோடு இழுங்கள், குழம்பாது.) அந்நியம் இல்லைதான். அப்பா அடித்த நாளில் அம்மா அழுதுகொண்டு தாய்வீட்டுக்குப் போனபோது, "என் தம்பியப் பத்தி எங்கிட்டயே குறை சொல்றியா?" என்று கேட்டாள் அவளைப் பெற்றவள். பிறந்த வீடும் புகுந்த வீடும் ஒன்றாகிவிட்டால் திரும்பிப் போக வேறு வீடு இல்லை. இரண்டு கோடு ஒரு வட்டத்தில் முடிகிற இடத்திலெல்லாம் பென்சிலை நிறுத்தி, "மனசு சரியில்லாதப்போ எங்கே போவீங்க?" என்று கேளுங்கள். சில பேர் பக்கத்து வீட்டைச் சொல்வார்கள். கோயில் மண்டபத்தைச் சொன்னவரும் உண்டு. அதையும் வட்டத்தின் பக்கத்தில் எழுதுங்கள்.

ஒவ்வொரு வட்டத்தின் கீழும் பிறந்த ஊர், வாழ்க்கைப்பட்ட ஊர், பிறந்த வீட்டில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், இந்த மூன்றும் இருக்கட்டும். ஓரகத்தி, மதினி, கொழுந்தன் என்று அவர் சொல்லும் சொல்லை அவர் சொல்லும் உச்சரிப்பிலேயே எழுதுங்கள். "அது வேண்டாம்" என்று அவர் சொன்னதை விட்டுவிடுங்கள். வேறு சாதியில் கட்டிக்கொண்டு போனதால் பேசப்படாமல் போனவர் எல்லா வீட்டிலும் ஒருவராவது இருப்பார். அந்த வட்டத்தை வரையலாமா என்று கேட்டுவிட்டு வரையுங்கள். முடிந்த படத்தை வாட்சப் குழுவில் போடாதீர்கள்.

சில பெயர்கள் கிடைக்காது. என் பூட்டியின் மாமியாரை எல்லோரும் "வீரவநல்லூராள்" என்றே சொன்னார்கள். பழைய பத்திரத்தில் தேடினேன், "இன்னார் சம்சாரம்" என்றுதான் இருந்தது. அவர் வட்டத்தை அழிக்கவில்லை. உள்ளே ஊர்ப்பெயரை மட்டும் எழுதி, பெயருக்கான இடத்தை விட்டிருக்கிறேன்.