பெரிய செஸ் போட்டி பார்க்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவிலில் பிள்ளைகளுக்கு செஸ் சொல்லிக்கொடுப்பது என் வேலை. உலகத்தில் எங்கேயாவது பெரிய போட்டி தொடங்கிவிட்டால் அந்த வாரம் முழுக்க வகுப்பில் அதே பேச்சுதான். மார்த்தாண்டத்திலிருந்தும் குளச்சலிலிருந்தும் பஸ் பிடித்து வருகிற பிள்ளைகள் செருப்பைக் கழற்றும்போதே “நேத்து பிரக்ஞானந்தாவுக்க ஆட்டம் பாத்தீங்களா சார்?” என்று ஆரம்பித்துவிடுவார்கள். அதைக் கேட்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் பார்க்கிற விதத்தில் சில தப்புகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆனந்த் உலக சாம்பியனாக இருந்த காலத்தில் எங்கள் செட்டு ஆட்கள் செய்த அதே தப்புகள்தான், போன் வந்த பிறகு வேகம் மட்டும் கூடியிருக்கிறது. சில நிமிஷத்தில் முடிகிற பிளிட்ஸையும் மணிக்கணக்கில் ஓடுகிற கிளாசிக்கலையும் குழப்பிக்கொள்வது, ஆட்டக்காரர் பெயரைத் தப்பாகச் சொல்வது போன்றவற்றை நான் இங்கே தொடப்போவதில்லை. இரண்டு போட்டி பார்த்தால் அதெல்லாம் தானாகச் சரியாகிவிடும். தானாகச் சரியாகாத சிலது இருக்கிறது, அதை மட்டும் எழுதுகிறேன்.

போட்டியின் கணக்கு தெரியாமல் கொண்டாடுவது

2025 ஜூன் 1 அன்று நார்வே செஸ் போட்டியில் குகேஷ் முன்னாள் உலக சாம்பியன் கார்ல்சனை வென்றார். கார்ல்சன் மேஜையில் ஓங்கிக் குத்திய அந்தச் சின்ன வீடியோ நம் ஊரில் செஸ்ஸே தெரியாதவர்கள் போனுக்கும் வந்து சேர்ந்தது. அப்புறம் என்ன ஆனது என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது, போட்டியையே குகேஷ் ஜெயித்துவிட்டார் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். முதலிடம் கார்ல்சனுக்கு, 16 புள்ளி. கருவானா 15.5. குகேஷ் 14.5 எடுத்து மூன்றாவது.

அரைப் புள்ளியாக வித்தியாசம் வருவதற்குக் காரணம் அங்கே இருக்கிற கணக்கு. கிளாசிக்கலில் ஜெயித்தால் 3 புள்ளி. டிரா ஆனால் ஆளுக்கு அரை என்று எழுந்து போக முடியாது, உடனே அர்மகெடான் என்ற வேக ஆட்டம் ஆட வேண்டும். வெள்ளைக்கு 10 நிமிஷம், கறுப்புக்கு 7 நிமிஷம், டிரா ஆனால் கறுப்பு ஜெயித்ததாகக் கணக்கு. அதில் ஜெயிப்பவருக்கு 1.5, தோற்பவருக்கு 1. இது தெரிந்தால்தான் ஒருவர் நல்ல நிலையில் இருந்தும் ஏன் டிராவுக்குச் சம்மதித்தார், இன்னொருவர் ஏன் கண்ணை மூடிக்கொண்டு தாக்கினார் என்பது புரியும். கேண்டிடேட்ஸ் வேறு மாதிரி. 8 பேர், ஒவ்வொருவரோடும் இரண்டு தடவை, மொத்தம் 14 சுற்று, உலக சாம்பியனோடு மோதும் வாய்ப்பு முதலிடத்துக்கு மட்டும். போட்டி தொடங்கும் முன் விதிமுறையை வாசிக்கப் பத்து நிமிஷம் ஒதுக்குங்கள்.

டிரா என்றால் பயம் என்று நினைப்பது

2024 கேண்டிடேட்ஸை குகேஷ் 9 புள்ளி எடுத்து ஜெயித்தார். 5 வெற்றி, 1 தோல்வி, 8 டிரா. பாதிக்கு மேல் டிரா செய்தவருக்குத்தான் முதலிடம்.

ஈவல் பாரை வைத்து ஆட்டக்காரரை அளப்பது

இதைத்தான் நீளமாக எழுத வேண்டும், ஏனென்றால் இத்தனை வருஷமாகியும் இதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

ஒளிபரப்பில் போர்டுக்குப் பக்கத்தில் வெள்ளையும் கறுப்புமாக ஒரு பட்டை ஏறி இறங்கும், அதுதான் ஈவல் பார். ஸ்டாக்ஃபிஷ் போன்ற ஒரு என்ஜின் நிலையைக் கணக்குப் போட்டு யார் கை ஓங்கியிருக்கிறது என்று காட்டுகிறது. +1 என்றால் வெள்ளைக்கு ஒரு சிப்பாய் கூடுதலாக இருப்பதற்குச் சமம் என்று பழைய ஆட்கள் சொல்வோம். இப்போதைய ஸ்டாக்ஃபிஷில் +1 என்பதற்கு அர்த்தம், அந்த நிலையிலிருந்து என்ஜினும் என்ஜினும் ஆடினால் வெள்ளை ஜெயிக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்பது. மனுஷனும் மனுஷனும் ஆடினால் என்ன ஆகும் என்பதைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்வதில்லை. கடிகாரத்தில் எவ்வளவு நேரம் மிச்சம் என்பது அதற்குத் தெரியாது. ஜெயிக்கிற வழி கண்ணை மூடிக்கொண்டு ஆடக்கூடியதா, இல்லை அடுத்த எட்டு மூவும் ஒவ்வொன்றும் ஒரே ஒரு சரியான மூவாக இருந்தால்தான் கிடைக்குமா என்பதையும் அது காட்டாது. +3 இரண்டுக்கும் ஒன்றுதான்.

2024 டிசம்பர் 12, சிங்கப்பூரில் உலக சாம்பியன்ஷிப்பின் 14ஆவது, கடைசி ஆட்டம். அப்போதைய சாம்பியன் டிங் லிரெனுக்கு எதிராகக் கறுப்பில் குகேஷ், அதுவரை 6.5-6.5. இதுவும் டிரா ஆனால் டை-பிரேக், அதாவது வேக ஆட்டங்களில் முடிவு. நமக்கு மதியம் இரண்டரைக்குத் தொடங்கிய ஆட்டம், சாயங்காலம் வகுப்பு நேரத்திலும் ஓடிக்கொண்டிருந்தது. பெரிய பையன்கள் நாலைந்து பேர் ஒரு போனைச் சுற்றி நின்றார்கள். குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல், ஆனால் பட்டை அசையாமல் நடுவில் நிற்கிறது. “டிராதான் சார், நாளைக்கு டை-பிரேக்லா” என்று சொல்லிவிட்டுப் பாதிப் பேர் பார்ப்பதையே நிறுத்திவிட்டார்கள். 55ஆவது மூவில் டிங் லிரென் யானையை எஃப்2 கட்டத்தில் கொண்டுவந்து வைத்தார். பட்டை பொத்தென்று சரிந்தது. உடனே ஒரே சத்தம்: “பிளண்டர்! இதுகூடத் தெரியாதா? இவரெல்லாம் வேர்ல்ட் சாம்பியனா?”

போனை வாங்கி வைத்துவிட்டு அதே நிலையைப் போர்டில் அடுக்கினேன். “சரி மக்களே, ஏன் தோக்குதுன்னு காட்டுங்க” என்றேன். யானையை வெட்டலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். அதற்கப்புறம்? ஆளாளுக்கு ராஜாவை நகர்த்திப் பார்த்தார்கள், சிப்பாயைத் தள்ளிப் பார்த்தார்கள். டிங்கின் மந்திரி ஏ8 மூலையில் போய் நிற்கிறது, அதனால் கறுப்பு தன் மந்திரியை டி5-இல் வைத்தால் அதுவும் வெட்டுப்பட்டே ஆக வேண்டும், மிச்சம் இருப்பது ராஜாவும் சிப்பாயும்தான், அதில் கறுப்பு ராஜா முந்திவிடுகிறது. இதை அவர்கள் கண்டுபிடிக்கவில்லை, நான்தான் காட்டினேன். குகேஷ் அதைப் பார்த்த நொடியில் அவர் முகம் மாறியதை உலகமே பார்த்தது.

ஆக, கத்தியவர்கள் பார்த்தது பட்டை விழுந்ததை மட்டும். செஸ் எதையும் அவர்கள் பார்க்கவில்லை. டிங் ஏன் அப்படித் தவறினார் என்றும் யாரும் கேட்கவில்லை. மணிக்கணக்கில் ஒரு சிப்பாய் குறைவாக வைத்துக்கொண்டு, கடிகாரம் குறைந்துகொண்டே வர, எதிரில் இருப்பவர் டிராவைப் பற்றி வாயே திறக்காமல் மூவ் மேல் மூவாக நெருக்கினால் எந்த மனுஷனுக்கும் கை தடுமாறும். அந்த நெருக்கடியைத்தான் குகேஷ் அத்தனை நேரம் கட்டிக்கொண்டிருந்தார். என்ஜினுக்கு அது 0.00, அதாவது சமம்.

இதனால் வருகிற நஷ்டம் வெறும் பேச்சோடு போவதில்லை. அதற்கப்புறம் ஒரு மாவட்டப் போட்டியில், நல்ல திறமையான பையன், யானைகளும் சிப்பாய்களும் மட்டும் மிச்சமிருந்த என்ட்கேமில் ஒரு சிப்பாய் கூடுதலாக வைத்துக்கொண்டு அவனே டிரா கேட்டான். எதிரில் இருந்தவனுக்குக் கடிகாரத்தில் நேரம் வற்றிக்கொண்டிருந்தது, யோசிக்காமல் கையை நீட்டினான். வெளியே வந்ததும் ஏன் கேட்டாய் என்றேன். “என்ஜின்ல போட்டா 0.00 தான் சார் காட்டும்” என்கிறான். எதிரில் உட்கார்ந்திருந்தது எந்த என்ஜின் மக்கா? அந்த அரைப் புள்ளியில் மாநிலப் போட்டிக்கான இடம் போனது. ஒரு வருஷ உழைப்பு. அவன் அம்மா குலசேகரத்திலிருந்து வேலைக்கு லீவு போட்டுக் கூட்டி வந்திருந்தார்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. பட்டை நம் பக்கம் நிறைந்திருந்தால் ஆட்டம் முடிந்தது என்று நினைப்பது. 2024 ஏப்ரலில் டொரான்டோ கேண்டிடேட்ஸின் கடைசிச் சுற்றில் கருவானாவுக்கு எதிராக நெப்போம்னியாச்சி. இரண்டு பேரில் யார் ஜெயித்தாலும் குகேஷோடு டை-பிரேக். கருவானா ஜெயிக்கும் நிலைக்கு வந்தார், பட்டையும் அப்படித்தான் சொன்னது. அங்கே முதல் 40 மூவுக்கு 120 நிமிஷம், அதுவரைக்கும் ஒரு விநாடிகூடக் கூட்டித் தரமாட்டார்கள். வெற்றி கை நழுவியது, திரும்பக் கிடைத்தது, மறுபடி நழுவியது, 109 மூவில் டிரா. நெப்போ வருத்தம் தெரிவிக்க, கருவானா என் தப்புதான் என்று சொன்னார். அந்த ஆட்டத்தை பட்டையோடு பார்த்தவர்கள் கருவானாவைத் திட்டினார்கள். பட்டை இல்லாமல் பார்த்தவர்களுக்கு எத்தனை இடத்தில் வழி மறைந்து கிடந்தது என்று தெரிந்திருக்கும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை ஆடிய ஆட்டத்தை என்ஜினில் போட்டு “சார், இத்தனை பிளண்டர் காட்டுது” என்று எனக்கு போட்டோ அனுப்புகிறீர்கள். அனுப்புங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் வீட்டுக்குத் திரும்புகிற வழியிலேயே அதைக் காட்டிப் பிள்ளையைத் திட்டுவதை நிறுத்துங்கள். பத்து வயதுப் பிள்ளை கடிகாரம் ஓட ஓடத் தனியாக யோசித்து வைத்த மூவ் அது. முதலில் அந்தப் பிள்ளை தன் வாயால் ஆட்டத்தைச் சொல்லட்டும், இந்த இடத்தில் என்ன நினைத்தேன், எதற்குப் பயந்தேன் என்று. என்ஜின் அதற்கப்புறம் வரட்டும். இந்த வரிசையை மாற்றினால் பிள்ளை யோசித்ததைச் சொல்வதையே விட்டுவிடும், அதைச் சரிசெய்ய எனக்கு மாசக்கணக்கில் ஆகிறது.

எப்படிப் பார்ப்பது? செயலியில் என்ஜினை அணைத்துவிடுங்கள், அந்த வசதி இருக்கிறது. வீடியோவில் பட்டையை மறைக்க முடியாவிட்டால் திரையின் ஓரத்தில் ஒரு காகிதத்தை ஒட்டுங்கள், எங்கள் வகுப்பில் அதைத்தான் செய்கிறோம். உண்மையான போர்டு ஒன்றை எதிரில் வையுங்கள். அடுத்த மூவ் வருவதற்குள் உங்கள் மூவை நோட்டில் எழுதுங்கள், பக்கத்தில் இரண்டு ஆட்டக்காரர்களின் கடிகார நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆட்டம் முடிந்த பிறகு நீங்கள் எழுதியதும் அவர் ஆடியதும் வேறுபட்ட இடங்களை மட்டும் என்ஜினிடம் கொண்டுபோங்கள். ஒரு முழு ஆட்டத்தை இப்படிப் பார்க்க ஒரு சாயங்காலம் போய்விடும். பத்து ஆட்டத்தைப் பட்டையோடு பார்ப்பதைவிட இதில் கற்பது அதிகம்.

லைவ் ரேட்டிங்

ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் மாறுகிற தரப்புள்ளி அது, சுற்றுக்குச் சுற்று பார்க்காதீர்கள். போட்டி முடிந்ததும் ஒரு தடவை போதும்.

ராத்திரி விழிப்பது

டொரான்டோவில் மதியம் இரண்டரைக்குத் தொடங்கினால் நமக்கு நடுராத்திரி பன்னிரண்டு. மறுநாள் உனக்கு ஆட்டம் இருந்தால் படுத்துத் தூங்கு.

குகேஷ் கட்சி, பிரக் கட்சி

2025 பிப்ரவரியில் விய்க் ஆன் சீயில் கடைசிச் சுற்றுக்கு இருவரும் சமமாக முதலிடத்தில் போனார்கள். இருவருமே அந்தச் சுற்றில் தோற்றார்கள், குகேஷ் அர்ஜுன் எரிகைசியிடம், பிரக்ஞானந்தா வின்சென்ட் கெய்மரிடம். அப்புறம் டை-பிரேக்கில் முதல் ஆட்டத்தைத் தோற்ற பிரக்ஞானந்தா அடுத்ததை ஜெயித்து, முதலில் ஜெயிப்பவருக்கே கோப்பை என்ற சடன் டெத்தில் அதை எடுத்தார். சென்னையில் வளர்ந்த இரண்டு பிள்ளைகள், 1938 முதல் நடக்கிற ஒரு போட்டியின் கோப்பைக்காக நெதர்லாந்தில் கடைசி விநாடி வரை ஆடியிருக்கிறார்கள். அன்றைக்கு நம் ஆட்கள் செய்த வேலை, தோற்றவரைக் கேலி செய்து மீம் போட்டது.

எதிராளியைத் திட்டுவதும் இதில்தான் சேரும். டிங் தன் மனச்சோர்வைப் பற்றி வெளிப்படையாகப் பேசியவர். சிங்கப்பூரில் 11ஆவது ஆட்டத்தைத் தோற்றவர் மறுநாளே 12ஆவது ஆட்டத்தில் குகேஷை அப்படி ஒரு ஆட்டம் ஆடி வென்றார். அந்த ஆட்டத்தை அடுக்கிப் பார்க்காதவன் அவரைப் பற்றி என் வகுப்பில் பேசக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

அவர்கள் ஓபனிங்கை மறுநாளே ஆடுவது

பெர்லின் டிஃபென்ஸ் என்ற கறுப்பின் ஓபனிங்கை, அதாவது தொடக்க முறையை, ஒரு பெரிய போட்டியில் பார்த்தால் அடுத்த வாரம் இரண்டு பேர் அதை ஆடிக்கொண்டு வந்து நிற்பார்கள். 2000-இல் லண்டனில் உலக சாம்பியனாக இருந்த காஸ்பரோவுக்கு எதிராக கிராம்னிக் அதை எடுத்தார், அந்த மேட்ச் முழுக்க காஸ்பரோவால் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்க முடியவில்லை. உண்மைதான். ஆனால் அதன் முக்கிய வழியில் 8ஆவது மூவிலேயே ராணிகள் வெட்டுப்பட்டுவிடும், கறுப்பு ராஜா காஸ்ட்லிங் செய்து ஓரத்துக்குப் போக முடியாமல் நடுவில் நிற்கும், அங்கிருந்து முப்பது மூவ் பொறுமையாகக் காய்களை மாற்றி அடுக்கத் தெரிய வேண்டும். யானை என்ட்கேமே இன்னும் பழகாத பிள்ளைக்கு அங்கே வேலை இல்லை. இத்தாலியன் ஓபனிங் ஆடு, காய்களை வெளியே கொண்டுவா, சீக்கிரம் காஸ்ட்லிங் செய். பெர்லினை ஆடித்தான் ஆக வேண்டும் என்றால், 8ஆவது மூவுக்குப் பிறகு கறுப்பின் இரண்டு மந்திரிகளும் எங்கே போக வேண்டும், ஏன் என்று எனக்குப் போர்டில் காட்டிவிட்டு ஆடு.