தனியாக, சைக்கிளில், மலையில் ஓர் இரவு: முதல்முறை போகிறவர்களுக்கு

சைக்கிளிலேயே மூட்டையைக் கட்டிக்கொண்டு மண்பாதையில் ஏறி, மேலே ஓர் இரவு தூங்கி, மறுநாள் இறங்கி வருவதற்குப் பைக்பேக்கிங் என்று பெயர். கேரியர் மாட்டி இரண்டு பக்கமும் பை தொங்கவிடும் பழைய முறை தார்ச்சாலைக்குச் சரி. கல்லும் வேருமாகக் கிடக்கும் பாதையில் அது ஆடும், புதரில் மாட்டும். அதனால் இதில் பைகள் எல்லாம் ஃப்ரேமோடு ஒட்டியே இருக்கும்.

முதல் பயணத்துக்கு ஓர் இரவு போதும். மதியம் கிளம்பி, தூங்கி எழுந்து, மறுநாள் மதியத்துக்குள் வீடு. சைக்கிள் வடிவமைப்பாளர் கிராண்ட் பீட்டர்சன் இந்த 24 மணி நேரத்துக்குள் முடியும் பயணத்துக்குத் தனிப் பெயரே வைத்துப் பிரபலமாக்கினார். எதை மறந்திருந்தாலும் ஒரே இரவுதான், சமாளித்துவிடலாம்.

தனியாகப் போவதில் ஒரு சிக்கல் உண்டு. கூட ஒருவர் இருந்தால், “போதும்ப்பா, திரும்பலாம்” என்று சொல்வார். தனியாகப் போனால் அதைச் சொல்ல ஆள் இல்லை. களைப்பிலும் பசியிலும் நமக்கு நாமே நல்ல யோசனை சொல்லிக்கொள்வதும் நடக்காது. அதனால் முக்கியமான முடிவுகளை வீட்டில், வயிறு நிறைந்திருக்கும்போதே எடுத்து ஒரு சீட்டில் எழுதிவிடுங்கள். என் சீட்டு ஹேண்டில்பார் பக்கத்தில் டேப் போட்டு ஒட்டியிருக்கும். எதை எழுதுவது என்பது போகப்போக வரும்.

1. பாதையும் நேரமும்

மலையில் தூரத்தைவிட ஏற்றத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். “20 கி.மீ. தானே” என்று கிளம்புகிறவர்கள்தான் இருட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நிற்பார்கள். நானும் நின்றிருக்கிறேன்.

ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் நடப்பவர்களுக்காக ஒரு கணக்கு சொன்னார். சமதளத்தில் மணிக்கு ஏறக்குறைய 5 கி.மீ.; அதோடு ஒவ்வொரு 300 மீட்டர் ஏற்றத்துக்கும் அரை மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். 20 கி.மீ., 900 மீட்டர் ஏற்றம் என்றால் 4 மணியும் ஒன்றரை மணியும் சேர்ந்து ஐந்தரை மணி நேரம். சைக்கிளுக்கு நடைக்கணக்கா என்று சிரிக்காதீர்கள். முன்னால் 32 பல், பின்னால் 51 பல் கியரில், 29 அங்குலச் சக்கரத்தை நிமிடத்துக்கு 60 முறை மிதித்தால் வேகம் மணிக்கு 5 கி.மீ. சொச்சம்தான். சரக்கோடு செங்குத்தில் ஏறும்போது நாம் நடக்கிற வேகத்தில்தான் போகிறோம். இறக்கத்தில் மிச்சமாகும் நேரம், இறங்கித் தள்ளுவதற்கும் மூச்சு வாங்குவதற்கும் சரியாகப் போய்விடும்.

முதல்முறைக்கு 15 முதல் 20 கி.மீ., 600 மீட்டர் ஏற்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நெய்ஸ்மித் கணக்கில் நான்கைந்து மணி நேரம். வரைபடத்தில் சமவுயரக் கோடுகள் நெருக்கமாக இருக்கும் இடம் தள்ளுகிற இடம். அதைப் பயணத்தின் கடைசியில் வைக்காதீர்கள். வழியில் சாலைக்கு இறங்கும் குறுக்குப்பாதைகள் எங்கே என்று பார்த்துக் குறியுங்கள். அந்தப் பாதையில் சைக்கிளுக்கு அனுமதி உண்டா, இரவு தங்கலாமா, தீ மூட்டத் தடை இருக்கிறதா என்று பொறுப்பில் இருப்பவர்களிடம் கேட்டுவிடுங்கள். பாதையின் தடத்தைச் சேமித்திருக்கும் ஜி.பி.எக்ஸ். கோப்பையும் வரைபடத்தையும் இணையம் இல்லாமலே திறக்கும்படி போனில் இறக்கி, போனை ஏரோபிளேன் மோடில் போட்டுத் திறந்தும் பாருங்கள்.

இப்போது சீட்டின் முதல் வரி: திரும்பும் நேரம். சூரியன் மறைவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே தங்குமிடத்தில் இருக்க வேண்டும். அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, பாதி வழியை எத்தனை மணிக்குள் தாண்ட வேண்டும் என்று எழுதுங்கள். தாண்டவில்லையா, திரும்பிவிடுங்கள். அங்கே நின்று வாதம் பண்ணக் கூடாது.

இரண்டாவது வரியில் ஒரு பெயரும் ஒரு மணியும். நம்பிக்கையான ஒருவரிடம் பாதை, தங்குமிடம், வீடு திரும்பும் நேரம் மூன்றையும் கொடுங்கள். “மறுநாள் மதியம் 2 மணிக்குள் என்னிடமிருந்து தகவல் வராவிட்டால் இந்த எண்ணுக்குச் சொல்” என்று மீட்புப் பணியினரின் எண்ணையும் தெளிவாகச் சொல்லுங்கள். “வந்ததும் சொல்கிறேன்” என்றால் யாரும் எதுவும் செய்யமாட்டார்கள்.

2. சைக்கிள்

புது சைக்கிள் வேண்டாம். இருக்கிற மவுண்டன் பைக்கின் பிரேக், கியர், டயர் மூன்றும் ஒழுங்காக இருந்தால் போதும். பிரேக் பேடில் உராயும் பாகம் 1 மி.மீ. அளவுக்குத் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள்; சரக்கோடு இறங்கும்போது அது சீக்கிரம் கரையும். டயரில் வழக்கத்தைவிட 2 அல்லது 3 பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காற்று வையுங்கள். டியூப்லெஸ் ஆக இருந்தாலும் ஒரு டியூப் கையில் இருக்கட்டும்.

அதோடு பம்ப், டயர் லீவர், அலென் கீ செட், செயின் கட்டர், அறுந்த செயினை இணைக்கும் குயிக் லிங்க், நாலைந்து கேபிள் டை. பின்பக்கக் கியர் மாற்றியை (டீரெயிலர்) ஃப்ரேமோடு பிடித்திருக்கும் டீரெயிலர் ஹேங்கர், உங்கள் சைக்கிளுக்குப் பொருந்துவதாக ஒன்றும் வேண்டும். கட்டைவிரல் அளவே உள்ள அந்தத் துண்டு வளைந்தால் கியர் மாறாது, உடைந்தால் மிதிக்கவே முடியாது. அடுத்த சைக்கிளிலிருந்து கழற்றியும் பெரும்பாலும் போட முடியாது, பல மாடல்களில் வேறு வேறு.

3. மூட்டை கட்டுதல்

கனமானது கீழே, நடுவில். லேசானது முன்னும் பின்னும். தண்ணீர், சாப்பாடு, கருவிகள் ஃப்ரேம் பையில். டென்டும் படுக்கைப் பாயும் ஹேண்டில்பாரில் கட்டும் சுருள் பையில். ஸ்லீப்பிங் பேகும் மாற்றுத் துணியும் உட்காரும் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பையில். போன், ஹெட்லேம்ப், கொறிக்க ஏதாவது ஆகியவை கைக்கெட்டும் சின்னப் பையில். முதுகில் எதையும் ஏற்றாமல் இருந்தால் நல்லது. ஏற்றினால் மாலையில் இடுப்பு சொல்லும். தண்ணீரும் சாப்பாடும் நீங்கலாக 8 முதல் 10 கிலோவுக்குள் நிறுத்தப் பாருங்கள்.

சீட்டுப் பைதான் வம்பு பிடித்தது. என் முதல் பயணத்தில், இறக்கத்தில், பின்னாலிருந்து “ஸ்ஸ்ஸ்” என்று மெல்லிய சத்தம். இலை மாட்டியிருக்கும் என்று விட்டுவிட்டேன். அரை மணி கழித்து நின்று பார்த்தால், பட்டை நழுவி, பையின் அடி டயரில் உரசி, கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. உள்ளே இருந்த ஒரே ஸ்வெட்டரின் நூல் டயரின் முண்டுகளில் அழகாகச் சுற்றியிருந்தது. அன்றிலிருந்து எல்லாப் பட்டைகளையும் இறுக்கியபின், பக்கிள் ஒட்டும் இடத்தில் வெள்ளை மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிடுகிறேன். கோடு நகர்ந்திருந்தால் பட்டை நழுவுகிறது என்று அர்த்தம். நிற்கும்போதெல்லாம் ஒரு பார்வை போதும்.

இன்னொன்று: ஸ்லீப்பிங் பேகின் மேல் இரண்டு வெப்பநிலைகள் இருக்கும். கம்ஃபர்ட் என்பது நிம்மதியாகத் தூங்க. லிமிட் என்பது சுருண்டு படுத்துச் சமாளிக்க. கம்ஃபர்ட் எண்ணை நம்பி வாங்குங்கள். மேலே ஏற ஏற, 1000 மீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி குளிரும் என்பதையும் கணக்கில் சேருங்கள். பாயை அலட்சியப்படுத்தாதீர்கள், உடம்புச்சூட்டைத் தரை உறிஞ்சிவிடும். இரவில் பூஜ்ஜியத்தை ஒட்டி வரும் என்றால் பாயின் ஆர்-வேல்யூ (தரைக்குளிரைத் தடுக்கும் திறனின் அளவு) 3-க்கு மேல் இருக்கட்டும்.

4. வெள்ளோட்டம்

எல்லாவற்றையும் கட்டி, ஒரு மணி நேரம் பக்கத்து மண்பாதையில் ஓட்டுங்கள். அன்று இரவே வீட்டுக்கு வெளியில் டென்ட் போட்டுப் படுங்கள். டென்டை ஒருமுறை இருட்டில், ஹெட்லேம்ப் வெளிச்சத்தில் மட்டும் போட்டுப் பழகுங்கள். பக்கத்து வீட்டார் வேடிக்கை பார்ப்பார்கள், பரவாயில்லை.

5. ஏறும் நாள்

பேச்சு வருகிற வேகத்தில் ஏறுங்கள். கூடப் பேச ஆளில்லை என்றால் பாட்டு முணுமுணுக்கலாம். மூச்சுத் திணறினால் வேகம் அதிகம். பசிக்கும் முன்பே, மணிக்கொரு தரம் ஏதாவது வாயில் போடுங்கள். செங்குத்து வந்தால் வீம்பு பிடிக்காமல் இறங்கித் தள்ளுங்கள்.

மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிகூட இல்லை என்றால் மழைமேகம் 10 கி.மீ.க்குள் இருக்கிறது. முகட்டிலிருந்தும் தனிமரத்தடியிலிருந்தும் விலகி இறங்குங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் மறுபடி ஏற வேண்டும். இதுவும் சீட்டில் இருக்கட்டும்.

6. இடம் பிடித்தல்

சூரியன் எவ்வளவு நேரம் இருக்கும் என்று பார்க்கக் கையை நீட்டி, சூரியனுக்கும் முகட்டுக்கும் இடையே விரல்களைப் படுக்கையாக வைத்து எண்ணுங்கள். ஒரு விரலுக்குச் சுமார் 15 நிமிடம். மலைக்குள் வெளிச்சம் போவது தொடுவானத்தை வைத்து அல்ல, எதிர் முகட்டை வைத்துத்தான்.

ஓடை ஓரத்துப் புல்வெளி கண்ணைப் பறிக்கும். அங்கே படுக்காதீர்கள். இரவில் குளிர்காற்று கனத்துச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும், பனி விழும், மழை வந்தால் ஓடையும் எழும். சற்று மேலேறி, சரிவில் இருக்கும் மேடையான சமதளத்தைத் தேடுங்கள். தண்ணீரிலிருந்து 60 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். நிமிர்ந்தும் பாருங்கள்: தலைக்கு மேல் பட்ட கிளை இருந்தால் வேறு இடம்.

ஓடைத் தண்ணீர் கண்ணாடிபோல் இருந்தாலும் வடிகட்டியோ கொதிக்கவைத்தோ குடியுங்கள். தளதளவென்று 1 நிமிடம், 2000 மீட்டருக்கு மேல் 3 நிமிடம் கொதிக்கட்டும். உறைபனி வரும் இரவில் வடிகட்டியை ஸ்லீப்பிங் பேகுக்குள் போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே தண்ணீர் உறைந்தால் இழைகள் வெடித்துவிடும், வெளியே பார்த்தால் தெரியாது. போனும் பவர் பேங்க்கும் அங்கேயே இருக்கட்டும், குளிரில் பேட்டரி சோர்ந்துவிடும்.

சமைப்பது, சாப்பிடுவது, மிச்சத்தை வைப்பது எல்லாம் டென்டிலிருந்து தள்ளி. வாசனை பிடித்து வரும் மிருகம் நம்மைத் தேடி வருவதில்லை, சாப்பாட்டைத்தான் தேடி வரும்.

7. இரவு

பயமாக இருக்கும். எனக்கு இன்னும் முதல் ஒரு மணி நேரம் தூக்கம் வராது. டென்டுக்கு வெளியே ஏதோ பெரிசாக நடமாடுவதுபோல் இருக்கும். விளக்கடித்தால் காய்ந்த இலையில் ஓர் எலி. அந்தி சாயும் முன் சுற்றிலும் ஒரு நடை நடந்து, எந்தப் புதர் எங்கே, காற்றடித்தால் எது உரசும் என்று பார்த்து வைத்துக்கொண்டால் பாதி சத்தத்துக்குப் பெயர் தெரிந்துவிடும்.

உண்மையிலேயே அடிபட்டு உதவி வேண்டுமென்றால், மலைகளில் பொதுவாக அறியப்பட்ட சைகை ஒன்று உண்டு: நிமிடத்துக்கு ஆறு முறை விசிலோ விளக்கோ, பின் ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. பதிலுக்கு நிமிடத்துக்கு மூன்று வரும். சிக்னல் இல்லாத இடத்துக்கு அடிக்கடி போவதாக இருந்தால், செயற்கைக்கோள் வழியே தகவல் அனுப்பும் கருவி ஒன்றை வாங்கியோ வாடகைக்கோ வைத்துக்கொள்ளுங்கள்.

8. இறங்குதல்

காலையில் உடம்பு விறைத்திருக்கும், பாதை ஈரமாக இருக்கும், வீடு இழுக்கும். மூன்றும் சேர்ந்தால் விழுவதற்கு வேறு என்ன வேண்டும்? உட்காரும் சீட்டைக் கொஞ்சம் இறக்கி, பின்பக்கமாக எடை கொடுத்து வாருங்கள். பிரேக்கை விடாமல் பிடித்தபடி வராதீர்கள். சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டு (ரோட்டர்) சூடேறிப் பிடிமானம் குறையும். வளைவுக்கு முன் அழுத்தமாகப் பிடித்து, அப்புறம் விடுங்கள். பிரேக் லீவர் ஹேண்டில்பாரை நோக்கி வழக்கத்தைவிட உள்ளே போனால் நின்று ஆறவிடுங்கள். ரோட்டரைத் தொட்டுப் பார்க்காதீர்கள்.

சிக்னல் வந்ததும் இரண்டாவது வரியில் இருக்கும் பெயருக்குத் தகவல்.

வீட்டுக்கு வந்து ஸ்லீப்பிங் பேகையும் டென்டையும் விரித்துக் காயப்போட்டபின், கொண்டுபோனதில் எதைத் தொடவே இல்லை என்று குறித்துவையுங்கள். மருந்துப் பையும் கருவிகளும் கணக்கில் சேராது. என் முதல் பட்டியலில் இருந்தவை: இரண்டாவது பேன்ட், தலையணைபோல் ஒரு புத்தகம், மடக்கு முக்காலி. மூன்றும் சேர்ந்து இரண்டு கிலோவுக்கு மேல்.