பிடிப்பதெல்லாம் கேட்ச் அல்ல

யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் எழுதும்போது திரும்பத் திரும்ப விடுகிற பிழை ஒன்று உண்டு. 'பிடி' என்று மனதில் வந்தவுடனே கை 'கேட்ச்' என்று எழுதிவிடும். பையைப் பிடி, கம்பியைப் பிடி, குழந்தையைப் பிடி எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். ஆங்கிலத்தில் முதலில் பார்க்க வேண்டியது, அந்தப் பொருள் அசைகிறதா, சும்மா இருக்கிறதா என்பதை.

ஓடுவது, பறப்பது, விழுவது, தப்பப் பார்ப்பது என்றால் கேட்ச். வடக்கின் பெரும் போர் என்ற கிரிக்கெட் ஆட்டத்தில் சென். ஜோன்ஸ் கல்லூரி வீரர் தூக்கி அடித்த பந்தை மத்திய கல்லூரி வீரர் பிடிப்பது கேட்ச். வலையில் நண்டு பிடிப்பதும், ஓடிப்போய்ப் பருத்தித்துறை பஸ்ஸைப் பிடிப்பதும் அதுவே. தடிமன் பிடித்தாலும் கேட்ச் சரி.

இனி, திருநெல்வேலிச் சந்தையில் கனடாவிலிருந்து வந்த மச்சாளிடம், "இந்தப் பையைக் கொஞ்சம் பிடியுங்கோ" என்று ஆங்கிலத்தில் கேட்க வேண்டும். 'கேட்ச் திஸ் பேக்' என்றால், நீங்கள் பையை எறியப் போகிறீர்கள் என்றுதான் அவ நினைப்பா. அங்கே வேண்டியது ஹோல்ட். குழந்தையை வைத்திருக்கக் கொடுக்கும்போதும் ஹோல்ட்தான்.

பஸ்ஸுக்குள் கம்பியைப் பிடிக்கச் சொல்ல 'ஹோல்ட் ஆன் டு த ரெயில்'. வெறும் 'ஹோல்ட் ஆன்' என்றால் "கொஞ்சம் பொறு" என்றும் பொருள்படும். 'ஹோல்ட் த பஸ்' என்றாலோ, எனக்காக பஸ்ஸை மறித்து வை என்று அர்த்தம்.

நான் அதிகம் கவலைப்படுவது ஆளைப் பற்றி எழுதும் இடத்தில். "அவன் அவளுடைய கையைப் பிடித்தான்" என்பதற்கு ஹெல்ட் போட்டால் அன்போ ஆறுதலோ தெரியும். கிராப்ட் (grabbed) போட்டால் சட்டென்று, முரட்டுத்தனமாகப் பிடித்தான் என்றாகும். ஒரு சொல் மாறினால் ஒரு மனிதனின் நடத்தையே மாறிவிடும். கிரிப் என்பது நழுவாத இறுக்கம்; ஈர றோட்டில் டயருக்கு இருக்க வேண்டியது. பயத்தில் இறுக்கிப் பிடித்தால் கிளட்ச். சங்கிலி அறுப்பவன் செய்வது ஸ்னாட்ச். கிராஸ்ப் கையாலும் பிடிக்கும். பாடம் விளங்குவதற்கும் அதையே சொல்வார்கள்.

செய்தி எழுதுகிறவர்கள் சீஸ் (seize) என்ற சொல்லில் கவனமாக இருக்க வேண்டும். அது அதிகாரத்தால் கைப்பற்றுவது. நெடுந்தீவுக் கடலில் கடற்படை ஒரு படகைப் பிடித்தால் படகு சீஸ்ட், அதிலிருந்த மீனவர்கள் அரெஸ்டட், அவர்கள் வலைபோட்டுப் பிடித்திருந்த மீன் காட் (caught). தமிழில் மூன்றுக்கும் 'பிடித்த' போதும். ஆங்கிலத்தில் மூன்றும் வேறு.

சில 'பிடி'களுக்கு இந்தச் சொற்களில் ஒன்றுமே பொருந்தாது. நல்லூரில் தேர் வடம் பிடித்ததைக் கேட்ச் என்று எழுதினால், யாரோ எறிந்த கயிற்றைப் பிடித்தது போலிருக்கும். தேரை இழுத்தோம் என்று 'புல்' (pull) போடுங்கள். படம் பிடித்ததற்கு 'டுக்' (took).

அப்புறம் இறந்தகாலம். கேட்ச்சுக்குக் காட், ஹோல்டுக்கு ஹெல்ட். கேட்ச்ட், ஹோல்டட் என்று எழுதாதீர்கள். கிராப், கிரிப் இரண்டிலும் கடைசி எழுத்தை இரட்டித்த பிறகே 'ஈடி' சேர்க்க வேண்டும்.