பழைய பங்க் டெமோ கேசட்டை இணையத்தில் ஏற்றும் முறை

1980களின் பங்க், ஹார்ட்கோர் (வேகமும் ஆவேசமுமான ராக் வகைகள்) பேண்டுகள் தாங்களே செலவில்லாமல் பதிந்த டெமோக்களில் பல கேசட்டைத் தாண்டி வெளிவந்ததே இல்லை. வீட்டு டெக்கில் கொஞ்சம் பிரதி எடுத்து, கச்சேரி நடந்த இடத்திலும் தபாலிலும் விற்றவை. அப்படி ஒன்று கையில் இருந்தால் கட்டாயம் பகிருங்கள். ஆனால் முதல் தடவையே ஒழுங்காகச் செய்யுங்கள். அவசரத்தில் ஏற்றிய மோசமான பிரதிதான் பிறகு வருடக்கணக்கில் எல்லா இடத்திலும் சுற்றிக்கொண்டிருக்கும்.

முதலில் இசை வெளியீடுகளைப் பட்டியலிடும் டிஸ்காக்ஸ் தளத்தில் தேடி, மறுவெளியீடு உண்டா என்று பாருங்கள். 1982-இல் நியூயார்க்கின் ரோயிர் நிறுவனம் கேசட்டில் மட்டும் கொண்டுவந்த பேட் பிரெய்ன்ஸ் என்ற ஹார்ட்கோர் பேண்டின் முதல் ஆல்பம் பின்னால் எல்.பி.யாகவும் சி.டி.யாகவும் வந்துவிட்டது. இப்படி விற்பனையில் இருப்பதற்குக் கோப்பு வேண்டாம், வாங்கும் இணைப்பே போதும். மற்றவற்றுக்கு பேண்டில் இருந்தவர்களைத் தேடிப்பிடித்து அனுமதி கேளுங்கள். கேட்டால் சில நேரம் மூல டேப்பே கிடைக்கும். அதைச் சாதாரண டெக்கில் போட்டதும் பாட்டு பாதி வேகத்தில் இழுத்து, மறுபக்கம் பின்னோக்கி ஓடினால் பதற வேண்டாம். அது நான்கு டிராக் ரெக்கார்டரில் பதிந்தது. போர்டாஸ்டுடியோ எனப்படும் இந்த வீட்டு ரெக்கார்டர்களில் பல, வழக்கமான 4.76 செ.மீ.க்குப் பதில் நொடிக்கு 9.5 செ.மீ. வேகத்தில் ஓடும், நான்கு டிராக்கையும் ஒரே திசையில் பதியும். அதே மாதிரி இயந்திரத்தை இரவல் வாங்குவதுதான் சரியான வழி.

டெக்கில் டேப்பைப் படிக்கும் ஹெட்டையும், டேப்பை இழுக்கும் உலோகத் தண்டான கேப்ஸ்டனையும் 99% ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். ரப்பர் உருளைக்கு ஆல்கஹால் வேண்டாம், நாளடைவில் காய்ந்து வெடிக்கும். லேசான சோப்புத் தண்ணீர் போதும். கேசட்டின் வாய்ப்பகுதி நடுவில் டேப்புக்குப் பின்னால் சின்னக் கம்பளித் துண்டு ஒன்று இருக்கும். அது விழுந்துவிட்டால் ஒலி ஏறி இறங்கி மங்கும். அப்படியானால் திருகு போட்ட புதுக் கூட்டுக்கு டேப்பை மாற்றுங்கள். பதிவதற்கு முன் ஒருமுறை கடைசிவரை ஓட்டிப் பின்னால் சுற்றுங்கள், டேப் சீராக உட்காரும்.

பலரும் கோட்டைவிடுவது அசிமத்தில்தான், அதாவது டேப்புக்கு ஹெட் நிற்கும் கோணத்தில். உங்கள் கேசட் வேறு யாருடைய டெக்கிலோ பதிவானது, அதன் கோணம் வேறு. ஹெட்போன் மாட்டி, ஒலியை மோனோவாக்கி, சிம்பல் நிறைய வரும் இடத்தை ஓடவிடுங்கள். ஹெட்டின் பக்கத்தில் ஸ்பிரிங் வைத்த திருகைக் காந்தமில்லாத ஸ்க்ரூடிரைவரால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். போர்வைக்குள்ளிருந்து கேட்பதுபோல் இருந்த சிம்பல் ஓரிடத்தில் சட்டென்று தெளியும், அங்கே நிறுத்துங்கள். பெரும்பாலும் கால் சுற்றுக்குள் கிடைத்துவிடும். இரண்டாம் பக்கத்துக்கு மறுபடி பார்க்க வேண்டும். உறையில் டால்பி (டேப் இரைச்சலைக் குறைக்கும் முறை) குறி இல்லையென்றால் டெக்கில் டால்பியை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மேல்சுருதி வெட்டுப்படும்.

டெக்கின் லைன் அவுட்டை, ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் ஆடியோ இன்டர்ஃபேஸின் லைன் இன்னில் கொடுங்கள். மைக் இன்னில் கொடுத்தால் கரகரக்கும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் போதும், உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டக் கூடாது. நிமிடத்துக்குச் சுமார் 17 எம்.பி. ஆகும். உறுமல் கேட்டால் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். இரைச்சல் நீக்கும் கருவியைத் தொடவே தொடாதீர்கள்: டேப்பின் ‘ஸ்ஸ்’ என்ற ஹிஸ்ஸோடு சிம்பலும் கிடாரின் ஓரமும் போய், மிச்சம் தண்ணீருக்குள் வாசித்ததுபோல் கேட்கும்.

அமைதியைப் பார்த்துத் தானாகவே பாட்டு பிரிக்கும் வசதி இந்த இசைக்கு உதவாது, பாட்டுகளுக்கு நடுவே அமைதியே இருக்காது. கையால் வெட்டுங்கள். டிரம்மர் குச்சி தட்டி எண்ணுவது அடுத்த பாட்டின் தலையில் வர வேண்டும். தரம் குறையாமல் சுருக்கும் ஃப்ளாக் வடிவத்தில் சேமியுங்கள், வெட்டாத மூலக் கோப்பையும் வைத்துக்கொள்ளுங்கள்.

உறையை இருபுறமும் 600 டி.பி.ஐ.யில், கறுப்பு வெள்ளை ஜெராக்ஸாகவே இருந்தாலும் கலரில் ஸ்கேன் செய்யுங்கள். அந்தக் கால உறைகளில் பேண்ட் ஆட்களின் வீட்டு முகவரி அச்சாகியிருக்கும், பொதுவில் போடும் படத்தில் அதை மறைத்துவிடுங்கள்.

1977-இல் மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் என்ற பங்க் பேண்ட் தங்கள் முதல் இ.பி.யின் (சில பாட்டுகளே கொண்ட சிறு இசைத்தட்டு) உறையிலேயே, எந்தப் பாட்டு எத்தனையாவது தடவை வாசித்தபோது பதிவானது என்று அச்சிட்டார்கள். நாமும் அப்படி எழுதலாம்: ஊர், வருடம், யார் எதை வாசித்தார், அசல் கேசட்டா பிரதியின் பிரதியா, எந்த டெக், டால்பி உண்டா இல்லையா. வருடம் உறுதியாகத் தெரியாவிட்டால் காலியாக விடுங்கள். ஊகித்து எழுதினால் அதுவே நாலு இடத்தில் பரவி உண்மையாகிவிடும்.

ஏற்றுவதற்கு இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இலாப நோக்கற்ற ஆவணத் தளம் நல்லது, ஃப்ளாக்கைக் கொடுத்தால் எம்.பி.3யை அதுவே செய்துகொள்ளும். இலவசக் கோப்பு தளங்களை நம்பாதீர்கள்: 2012 ஜனவரியில் அப்படிப்பட்ட மெகாஅப்லோட் தளம் முடக்கப்பட்டபோது எத்தனையோ அரிய பதிவுகளின் இணைப்புகள் ஒரே நாளில் செத்தன. பகிரும்போது பத்துக் கேசட்டை ஒன்றாகக் கொட்டாமல் ஒன்றை மட்டும் போட்டு, எந்தப் பாட்டில் தொடங்கலாம் என்று சொல்லுங்கள். டிரம்ஸ் வாசித்தது வேறு ஆள் என்று விவரம் தெரிந்தவர் திருத்தினால், பக்கத்திலும் கோப்புக்குள் இருக்கும் விவரக் குறிப்பிலும் (டேக்) அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.